தையல் கடைக்குள் ஒரு ஸ்டாம்ப் கடை

முத்திரை குத்தி முடித்த தபால் தலையைக் காசு கொடுத்து வாங்குகிறவனையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். அதை விற்றுக் குடும்பம் நடத்துகிறவனை எப்படிப் பார்க்கும் என்று, இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில், பம்மல் தோல் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் கடை போட்டேன். கடை என்றால் பாதிக் கடை. என் மனைவியின் அண்ணன் தையல் கடை வைத்திருந்தார். ஜன்னல் பக்கத்தை எனக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மச்சான் ஒரு நிபந்தனையும் போட்டார்: "பொங்கல் வரைக்கும் பாரு மாப்ளே. ஓடலன்னா அந்த எடத்துல எஸ்.டி.டி. பூத் வச்சிடுவேன்."

பேர் இல்லாத ராணி

பள்ளிக்கரணைக்காரர் ஒருவர் பேண்ட் தைக்கக் கொடுக்க வந்தார். பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். அப்போது மனை விற்றுக்கொண்டிருந்தார். மச்சான் அளவு எடுக்கும்போதே அவர் கண் என் ஆல்பத்தில் இருந்தது. "இன்னா சார், இந்த ராணி ஸ்டாம்ப்புல ஊர் பேரே காணோம்?" என்றார்.

பிடித்துக்கொண்டேன். உலகத்தில் முதன்முதலில் தபால் தலை அச்சடித்தது இங்கிலாந்து. அப்போது வேறு யாரிடமும் தபால் தலை இல்லாததால் பேர் போட வேண்டிய அவசியமே வரவில்லை, அந்தக் கெத்தை இன்னும் விடவில்லை என்று விளக்கினேன். அவர் இடுப்பில் டேப்போடு நிமிர்ந்து நின்றார். "கரெக்ட்டுதான் சார். எங்க தெருவுல மொத வூடு எங்களுது. இன்னிக்கு வரைக்கும் நம்பர் கெடையாது!"

ராணியை வாங்காமலே போய்விட்டார்.

ஆள் அதேதான்

தினமும் சாயங்காலம் வந்து, எதுவும் வாங்காமல், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகும் ஒரு ரிட்டயர்டு ஹெட்கிளார்க்கைப் பற்றி நான் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். உங்கள் கடையிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒருநாள் ஜார்ஜ் மன்னர் தலையின் மேல் 'பாகிஸ்தான்' என்று அச்சடித்த ஸ்டாம்ப்பைக் காட்டினேன். பிரிவினை சமயத்தில் புது ஸ்டாம்ப் அடிக்க நேரமில்லை. இருந்த இந்திய ஸ்டாம்ப்பின் மேலேயே புது நாட்டின் பேரை அடித்து ஓட்டிவிட்டார்கள்.

லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இன்று வாங்கிவிடுவார் என்று கவர்கூட எடுத்துவிட்டேன். லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஆபீஸும் இப்படித்தான் சார். போர்டு மட்டும் மாறும், ஆள் அதேதான்."

ரெண்டு போதும்

பிளவுஸ் வாங்க வந்த ஒரு அம்மா, சின்னச் சிவப்பு ஸ்டாம்ப் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வங்காள அகதிகள் நிதிக்காக எழுபத்தொன்றில் ஒவ்வொரு கடிதத்திலும் கூடுதலாக ஒட்டச் சொன்ன அஞ்சு பைசா ஸ்டாம்ப் அது. அதற்கும் தனியாக அச்சடிக்க நேரமில்லாமல், குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்ப்பின் மேல் நிவாரணம் என்று அடித்துவிட்டார்கள். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் படம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவரு எனக்குப் போட்ட லெட்டர் எல்லாத்துலயும் இதுதான் இருக்கும்" என்று சொல்லி, அதை வாங்கியும் விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போகும்போது சொன்னார்: "ரெண்டு போதும்னு படம் போட்டுத்தான் அனுப்பினாரு. நாலு பெத்துட்டோம்!"

பிசிறு

பொங்கல் நெருங்கிவிட்டது. பூத் வைக்கிற ஆள் வந்து என் பக்கத்துச் சுவரை அளந்துவிட்டுப் போனார். மறுபடி தோல் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டுமே என்று இருந்தது. இருந்த ஒரே நம்பிக்கை, ஸ்டாம்ப் சேர்க்கிற ஒரு குரோம்பேட்டை டாக்டர். திருவிதாங்கூர் சமஸ்தானம் 'அஞ்சல்' என்று சொந்தமாகத் தபால் நடத்திய காலத்துச் சங்கு ஸ்டாம்ப்புகள் என்னிடம் ஒரு வரிசை இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார்.

அன்று காலை மனைவியோடு குன்றத்தூர் மலைக்குப் போய் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். மச்சான் வாயெல்லாம் பல்லாக நின்றார். "ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருந்துச்சு மாப்ளே. டாக்டர் பார்த்தா நம்ம கடைக்குத்தானே அசிங்கம்? நீட்டா வெட்டி வச்சிட்டேன்."

ஸ்டாம்ப்புக்கு ஓரத்துப் பல் போனால் உயிர் போன மாதிரி. அத்தனை சங்கும் மொழுமொழுவென்று கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த டாக்டர் லென்ஸில் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அச்சாகும்போதே பல் இல்லாம வந்திருந்தா இது பொக்கிஷம். இது கத்திரி வேலை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மச்சானுக்கு 'பொக்கிஷம்' மட்டும்தான் காதில் விழுந்தது. "இருங்க டாக்டர், மிச்ச ஆல்பத்தையும் வெட்டிக் குடுத்துடறேன்!"

பூத்

டாக்டர் போன பிறகு விஷயத்தை விளக்கிச் சொன்னேன். மச்சான் அப்புறம் அன்று முழுக்க மெஷினை மிதிக்கவே இல்லை. மறுநாள் பூத் ஆள் போர்டோடு வந்து நின்றார். மச்சான் அவரை வாசலிலேயே மறித்தார். "போர்டை எடுத்துட்டுப் போப்பா. மாப்ள சரக்கை என் கையால கெடுத்துட்டேன். அவரு மனசு ஆறுற வரைக்கும் இந்த எடம் அவருக்குத்தான்."

ஒவ்வொரு பொங்கலுக்கும் மச்சான் "மனசு ஆறிடுச்சா மாப்ளே?" என்று கேட்கிறார், நானும் அந்த மொட்டைச் சங்குகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு "இன்னும் இல்ல மச்சான்" என்றே சொல்லிவருகிறேன்.