சுலபமாக மூடிய துப்பாக்கி

ராணுவத்திலிருந்து வந்தபின் என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் நான், இளையவள் லைசென்ஸோடு வந்த ரைஃபிள். என் முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னால் மறந்துவிடுவார். அவளுக்கு வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல்.

போட்டிகளில் சுடுகிறவர். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, முறையாக அனுமதி வாங்கி, மாடியறையில் அவரே மறுபடி மருந்து நிரப்புவார். சுட்ட கூடு உப்பியிருக்கும். அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சரியாக அழுத்தினால், துப்பாக்கியில் போட்டுப் பின்பக்கத் தாழ்ப்பாளான போல்ட்டை மூடும்போது லேசாகப் பிடிக்கும். அச்சை இறக்கி வைத்து அதிகம் அழுத்திவிட்டால் கூடு குட்டையாகி, துப்பாக்கிக்குள் இடைவெளி விழும். ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கூடு நீண்டு நீண்டு அடிப்பக்கம் மெலிந்து ஒருநாள் அறுந்துபோகும். நெருப்பு சுடுகிறவர் முகத்துக்குத்தான் திரும்பும். ரவிக்கை தைக்கிற எனக்கு இந்தப் பிடித்தக் கணக்கைப் புரிந்துகொள்வது பெரிய காரியமில்லை.

கூடுகளைப் புளி போட்டு விளக்குவது என் வேலை. போன மாசியில் விளக்கும்போது ஒரு கூட்டின் அடியில் மோதிரம் போலப் பளபளவென்று ஒரு கோடு. அடுத்ததிலும் இருந்தது. ஊக்கின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினேன். பள்ளத்தில் மாட்டியது. அறுந்துபோகப் போகிற இடம்.

மறுநாள் போட்டி. கோபத்தோடு மாடியேறி, அச்சில் அழுத்தி வைத்திருந்த காலிக்கூடு ஒன்றைப் போட்டு மூடிக்காட்டச் சொன்னேன். பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு மூடியது.

"அச்ச எதுக்கு இவ்ளோ எறக்கி வெச்சீங்க?"

ஜன்னலில் தெரியும் ராஜகிரிக் கோட்டைமலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புடிச்சா மூட முடியலம்மே. கையில வலு இல்ல. தீபாவளிலேர்ந்தே இப்டிதான் இருக்குது."

தீபாவளிச் சட்டைக்குப் பொத்தான் வேண்டாம், டிச் பட்டன் வை என்று அவர் கேட்டதும், கிழவருக்கு இளமை திரும்புகிறது என்று நான் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தது. தினமும் டம்ளரை இரு கையால் பிடித்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். திட்டப் போனவள் அழுதுவிட்டேன்.

என் தைலத்தை எடுத்துவந்து அவர் வலது கையை மடியில் வைத்துத் தேய்த்தேன். "போட்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம். நாளைக்கு டாக்டராண்ட போறோம். உங்க மொகத்துக்கு எதனா ஆயிருந்தா நான் யாரப் பாத்துனு இருப்பேன்?"

அவர் இடது கையால் கோடு விழுந்த கூடுகளைப் எடைக்குப் போடும் பழைய பித்தளை டப்பாவுக்குள் தள்ளினார். தைல வழுக்கலில் அவர் வலக்கை விரல்கள் என் கையை லேசாகப் பிடித்தன.