மஞ்சள் மெஷினுக்கு வைத்த பொட்டு

சனிக்கிழமை முதல் என் கை சரியில்லை. இந்த வாரப் பத்தியில் எழுத்து கோணலாக இருக்கிறது என்று அச்சுக்கோப்பவர் முணுமுணுத்தால், முழுவதையும் படித்துவிட்டுத் திட்டட்டும்.

என் மனைவி தவமணியின் தம்பி பாலன் மரம் அரிகிறவன். கந்தளாய்ப் பக்கத்துக் காடுகளில் ஒப்பந்தம் பேசிச் செய்யும் கொந்தராத்து வேலை. செயின் சோ என்கிற மரம் அரியும் மெஷின்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. இந்த விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து பஸ்ஸில், சந்தையில், கோயில் வாசலில் என்று காண்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “எந்த மெஷின் திறம்?”

கம்பனிப் பெயர்களை எழுதினால் நமது ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே பாலனைப் போல நிறத்தைச் சொல்லியே கதைக்கிறேன். அவனிடம் இரண்டு மெஷின் உண்டு. பழையது பச்சை. புதியது மஞ்சள்.

பச்சை அவன் கைக்கு வந்தது கடைகளில் ஒன்றும் கிடைக்காத காலத்தில். ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கே கியூவில் நின்ற நாட்கள்… மெஷினுக்குப் புதுச் செயின் எங்கே கிடைக்கும்? அரத்தால் ராவி ராவியே அதன் பல் பாதியாகிவிட்டது. உடைந்த கைப்பிடியை ஒரு பட்டறையில் ஒட்டவைத்தான். ஒருமுறை கிண்ணியாத் துறையில், லொறிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றும்போது, வழுக்கித் தண்ணீருக்குள்ளேயே விழுந்துவிட்டது. எடுத்துக் கழுவிக் காயவைத்துக் கயிற்றை இழுத்தான் — ஓடியது. அதை ஸ்டார்ட் பண்ணினால் தோள்மூட்டு கழலும். தூக்கினால் அரிசி மூட்டைதான். ஆனாலும் இன்றுவரை அது அவனைக் கைவிட்டதில்லை.

பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். கடைகள் நிறைந்தன. மஞ்சள் வந்தது. பச்சையில் பாதிப் பாரம்கூட இல்லை. ஒரு இழுவையில் உயிர் வரும். பச்சையோடு ஒரு நாள் நின்றால் மாலையில் பாலனால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாது. விரல்கள் அப்படி விறைத்துப்போகும். மஞ்சளில் அந்தத் தொல்லை இல்லை.

“எத்தினை வருசத்துக்கு நிண்டுபிடிக்கும் எண்டு தெரியேல்லை அத்தான். ஆனா கைக்குச் சுகம்,” என்றான்.

எத்தனை வருடம் உழைக்கும், என்ன பாரம், எவ்வளவு பெற்றோல் குடிக்கும்… எல்லாம் விசாரிக்கிறோம். இதை எப்படி நிற்பாட்டுவது என்று யாராவது முதலில் கேட்கிறோமா? நானும் கேட்டதில்லை.

தவமணிக்கு இரண்டு மெஷினையும் கண்ணில் காட்டக்கூடாது. பாலனுக்குத் தடிமன் என்றால் இவள்தான் மருந்து குடிப்பாள் — அப்படி ஒரு அக்கா. பாலனோடு வேலை செய்த ஒருவருக்கு மெஷின் பட்டு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, தம்பி காட்டுக்குப் போகும் நாட்களில் இவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அதைப் பாலனிடம் சொல்லவும் மாட்டாள். மெஷின்தான் அவன் பிழைப்பு; என்னத்தைச் சொல்வது?

ஆயுத பூசைக்கு மெஷின்கள் இரண்டையும் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். தவமணி தலை முழுகிவிட்டுத் தன் கையாலேயே சந்தனம் அரைத்தாள். பச்சைக்குச் சின்னதாக ஒரு பொட்டு. அது பழகிய ஆள். மஞ்சளை அவள் நம்பவில்லை. அதன் பின்கைப்பிடியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போன்ற வடிவம். அதன் மேல் கட்டியாக, தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

“வடிவாத்தான் கிடக்கு,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “பெடியன் போன மாதிரியே திரும்பி வரோணும்,” என்றாள்.

அடுத்த வாரமே காற்றும் மழையும் தொடங்கிவிட்டன. எங்கள் லிங்கநகர் வளவில் நிற்கும் வாகை, வேர் கிளம்பிக் குசினிப் பக்கம் சாய்ந்தது. கூரைக்கு மேலே ஒரு பெருங்கிளை. இன்னொரு காற்று அடித்தால் ஓடும் இல்லை, அடுப்பும் இல்லை. சனிக்கிழமை காலை பாலன் மஞ்சளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூட ரகீம் நானா. கிண்ணியாக்காரர். பாலனுக்கு நெடுநாள் கூட்டாளி. ஒருவர் அரிந்தால் மற்றவர் கயிறு பிடிப்பார்.

பாலன் சாய்ந்த மரத்தில் நடந்தே ஏறினான். கிளைக் கவட்டில் ஒரு காலைக் கொளுவி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். மெஷினைக் கயிற்றில் மேலே இழுத்தான். கிளையில் கட்டிய கயிற்றின் நுனி நானாவின் கையிலும் என் கையிலும். தவமணி கிணற்றடியில் நின்றாள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் அவசியம். இந்த மெஷினில், விசையிலிருந்து விரலை எடுத்தால் செயின் நின்றுவிடும். எஞ்சின் சும்மா முனகிக்கொண்டிருக்கும். ஆனால் ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் மட்டும் வேகம் குறையாமல் பிடித்துவைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தி ஸ்டார்ட் பண்ணியபின் விசையை ஒருமுறை அழுத்தினால் அது தானாக வெளியே வந்துவிடும். மஞ்சளில் அந்தப் பொத்தான் எது என்று கேட்கிறீர்களா? தவமணி பொட்டு வைத்த அதே பொத்தான்தான்.

பொட்டின் மேல்பூச்சு உதிர்ந்திருந்தது. விளிம்பில் இறங்கிய சந்தனம் உள்ளே காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அது யாருக்கும் தெரியாது. பூசைக்குப் பிறகு மஞ்சள் வேலைக்கு வந்தது அன்றுதான்.

பாலன் பொத்தானை அமத்திக் கயிற்றை இழுத்தான். ஸ்டார்ட் ஆனது. கிளை அறுந்தது. நாங்கள் கயிற்றைத் தளர்த்தித் தளர்த்திக் கூரையில் படாமல் இறக்கத் தொடங்கினோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாலன் வழக்கம்போல விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கிளை எங்கே இறங்குகிறது என்று குனிந்து பார்த்தபடி செயின் ஓடும் வாளைத் தொடைக்குப் பக்கமாக இறக்கினான்.

செயின் நிற்கவில்லை.

காற்சட்டைத் துணி கிழிந்து பறந்ததை நான் கீழே நின்று கண்டேன். பாலன் மெஷினை வெடுக்கென்று தூக்கி உடம்புக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். வலது பெருவிரல் கைப்பிடியின் மேலே எதையோ தேடியது. தேடித் தேடித் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. நிற்பாட்டும் சுவிட்ச் பச்சையில்தான் அந்த இடத்தில் இருக்கும். மஞ்சளில் அது முன்கைப்பிடிக்கு அந்தப் பக்கம். இடது கையை விட்டால்தான் எட்டும். இடது கையை விட்டால் ஓடுகிற வாளை ஒற்றைக் கையில் யார் பிடிப்பது? அவனோ ஒற்றைக் காலில் கொளுவிக்கொண்டு நிற்கிறான். நீட்டிய கைகளுக்குப் பாரம் தாங்கவில்லை. வாள் கொஞ்சம் கொஞ்சமாக அவன் முழங்காலை நோக்கித் தாழ்ந்தது.

பயம் என்றால் என்ன என்று இவ்வளவு காலமும் நான் எழுதியதெல்லாம் பொய். பயத்தில் கத்த முடியாது. கால் நகராது. அரைவாசி இறங்கிய கிளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கட்டையாக நின்றேன்.  தவமணி நின்ற பக்கம் திரும்பிப் பார்க்கவும் துணிச்சல் இல்லை.

“ஐயா, கயித்த உட்ராதீங்க,” என்றார் ரகீம் நானா. தன் பக்கக் கயிற்றைப் பக்கத்துத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டியபடி மரத்தில் ஏறினார். பாலனுக்குப் பின்னால் போய்க் குந்தினார். “தம்பி, அப்பிடியே புடி. என்னப் பாக்காத.” தோளில் கிடந்த துவாயைக் கையில் சுற்றி, பாலனின் அக்குளுக்குக் கீழாகக் கையை நீட்டி, எஞ்சினின் பிளக் வயரைப் பிடுங்கினார். மின்சாரம் அவரை ஒரு உதறு உதறியது. மெஷின் செத்தது.

இருவரும் இறங்கி வந்தார்கள். காற்சட்டை தொடையில் கிழிந்து தொங்கியது. உள்ளே தோலில் சிவப்பாக ஒரு கீறல் மட்டும். பாலன் நிலத்தில் குந்தினான். 

நானா மெஷினைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே போய் இறுகியிருந்த பொத்தானின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். “என்ன இது மஞ்சளா இரிக்கி… காஞ்சி போய்…” என்றவர், தவமணி வருவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

“மரத்தூள் அக்கா,” என்றான் பாலன் உடனே. “தூள் போய் அடைச்சுப் போட்டுது.”

“ஓம் ஓம். தூள்தான்,” என்றார் நானா. நானும் தலையாட்டினேன்.

தவமணி நானாவின் விரலைப் பார்த்தாள். குனிந்து பொத்தானை மணந்தாள்.

“மரத்தூள் இப்பிடி மணக்குமோ?”

 அவள் அப்படியே ஈர நிலத்தில் குந்திவிட்டாள். “என்ர கையாலதானே வச்சனான்,” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பாலன் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் இருந்தான். “என்ர கையும்தான் அக்கா பிழை விட்டது. புது மெஷினைப் பிடிச்சுக்கொண்டு பழையதின்ர சுவிட்சைத் தேடினனான்,” என்றான். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிய அவன் கந்தளாய்க்குப் புறப்பட்டான். அதே மஞ்சளோடு. பொத்தானைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டிருந்தான். ஞாயிறு முழுவதும் எங்கள் விறாந்தையில் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தொட்டுத் தொட்டுப் பழகினான். தவமணி சாமி அறையிலிருந்து திருநீற்றுத் தட்டோடு வந்து வாசலில் நின்றாள். மெஷினைப் பார்த்தாள். கை நீளவில்லை. 

பாலன் தலையைக் குனிந்தான். “எனக்குப் பூசுங்கோ அக்கா. என்னில அமத்துற பொத்தான் ஒண்டும் இல்லை.”

பூசினாள். அவன் படலையைத் தாண்டும்வரை அழவில்லை.

அன்று பகல் பக்கத்து ஒழுங்கையில் யாரோ புயலுக்கு விழுந்த மரத்தை மெஷினால் அரிந்துகொண்டிருந்தார்கள். சத்தம் எழும்போதெல்லாம் அவள் கையில் இருந்த அகப்பை நின்றது. சத்தம் நின்றபோது வாசலுக்கே ஓடிவந்தாள். எனக்கும் அதே வியாதிதான். மெஷின் ஓடினால் பயம். நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று இன்னும் பயம்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று அவளிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். வெட்கப்படுவாள், வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். 

“எழுதுங்கோ,” என்றாள். “மெஷின் இருக்கிற வீடு எல்லாத்திலயும் ஒரு அக்கா இருப்பாதானே.”