ஏட்டையாவின் வெஞ்சனம்

"திடகாத்திரமான தேகம். பசி, தாகம் பொறுத்து நெடுநேரம் நின்று பணி செய்ய வல்லவர்" என்று ஏட்டு ஒச்சப்பனைப் பற்றிப் போலீஸ் இலாகாவின் பதிவேடு சொல்கிறது. அப்படிப்பட்டவர் ஆத்தூர்ச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவித்த முட்டையை ஹேண்டில்பாரில் தட்டி உடைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் சாப்பிட்டுப் புறப்பட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. முட்டைக்குப் பிறகு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி நிலக்கடலை. ருசித்துத் தின்பவரின் முகம் இல்லை அது; பாராக் காவல் மாற்றும்போது துப்பாக்கியை வாங்கிக்கொள்பவரின் முகம்.

அவர் வியாதிக்கு டாக்டர் நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார். அது ஒச்சப்பனின் நாக்கில் நிற்கவில்லை. விஷயம் இதுதான்: இனிப்போ, இலை நிறையச் சோறோ உள்ளே போனால் உடம்பு மிரண்டுபோய், வந்த சர்க்கரையோடு இருந்த சர்க்கரையையும் சேர்த்துத் துரத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கை நடுங்கும், வேர்த்து ஊற்றும், பேச்சு குழறும், கால் தன் போக்கில் போகும். மாத்திரை மருந்து கிடையாது. இனிப்பைத் தொடாமல், சோற்றைக் குறைத்து, பயறும் முட்டையும் காய்கறியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் அடிக்கடி தின்ன வேண்டும்.

தின்பதைவிட, அதை ஊருக்கு விளக்குவதில்தான் மனிதர் தேய்ந்துபோனார்.

"சர்க்கரை வியாதியா ஏட்டையா?" என்றார் கூட வேலை பார்த்த கான்ஸ்டபிள் முகமது பாரூக்.

"இல்லப்பா. சர்க்கரை கொறையிற வியாதி."

"அப்ப ரெண்டு லட்டைத் தின்னா தீந்துபோச்சு."

"தின்னா எறங்கும்ப்பா."

"தின்னா ஏறத்தானே செய்யும்?"

"ஏறிட்டு எறங்கும்."

"எறங்குறப்ப இன்னொரு லட்டு?"

ஒச்சப்பன் கடலையை மென்றார். பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

வீட்டில் அவர் தட்டில் கேப்பைக் களி ஓர் எலுமிச்சை அளவு; சுற்றிலும் தட்டைப்பயறு, கீரை, அவரைக்காய். "ஊருல சோத்துக்கு வெஞ்சனம் வைப்பாக. எங்க வீட்டுல வெஞ்சனத்துக்குச் சோறு வைக்கிறேன்" என்று போலீஸ் லைன் பெண்களிடம் சலித்துக்கொள்வாள் மனைவி சிவனம்மாள். விடியுமுன் எழுந்து பயறு அவிப்பவளும் அவள்தான்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒச்சப்பன் மதுவிலக்குப் படையில் ஏட்டு. குடித்தவனை அவன் தள்ளாட்டத்திலும் குழறலிலும், தொட்டுக்கொள்ள மடியில் முடிந்திருக்கும் கடலையிலும் கண்டுபிடிப்பது அவர்கள் தொழில். ஒரு சொட்டும் தொட்டறியாத ஒச்சப்பனிடம், வாடை ஒன்றைத் தவிர மற்ற அடையாளங்கள் எல்லாம் இருந்தன.

அந்த வாடையும் ஒருநாள் சேர்ந்தது. ரெட்டியார்சத்திரத்தில் தங்கை ஒச்சம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை உட்கார்ந்தது தாய்மாமன் மடியில். பந்தியில் பாயாச வாளியோடு தங்கை வந்து நின்றாள்.

"வேணாம் தாயி. உனக்குத் தெரியாததா?"

"தாய்மாமன் தள்ளுன பாயாசத்தை மத்தவுக எப்படிண்ணே குடிப்பாக? ஒரு கரண்டிதான்."

கரண்டி பெரியது. இலையில் இரண்டு தடவை விழுந்தது. ஒச்சப்பன் வழித்துக் குடித்துவிட்டு நேரே டூட்டிக்குப் போனார்.

மத்தியானம் ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்பில் பெருமாள்சாமி என்பவன் சாராயக் குடத்தோடு பிடிபட்டான். பாரூக் இன்ஸ்பெக்டரை அழைத்துவரப் போனார். குடத்துக்கும் ஆளுக்கும் காவல் ஒச்சப்பன். பையில் முட்டை இருப்பதை மறக்கடிப்பதுதான் அந்த வியாதி செய்யும் முதல் வேலை. இன்ஸ்பெக்டர் வந்தபோது ஏட்டையா குடத்தைக் கட்டிப்பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார். சாராயம் சிந்திச் சட்டை நனைந்திருந்தது. பிடிபட்டவன் ஓடாமல், அவர் தோளைத் தாங்கிக்கொண்டு தென்னங்கீற்றால் விசிறிக்கொண்டிருந்தான்.

"நான் ஊத்திக் குடுக்கல சாமி" என்றான், யாரும் கேட்காமலே.

இன்ஸ்பெக்டர் ஒச்சப்பனின் பைக்குள் கை விட்டார். முட்டை வந்தது, கடலை வந்தது. "வெஞ்சனத்தைக் கையோட கொண்டாந்துட்டீரு" என்றார்.

மறுநாள் காலை ஒச்சப்பன் டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார், நம்பவும் செய்தார். நம்பியதுதான் வினையாகப் போயிற்று.

"இதை மேல அனுப்புனா உம்மைக் குடிகாரர்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏட்டு. நேரத்துக்கு நேரம் திங்கிற சீக்காளியைப் பந்தோபஸ்துல நிறுத்த முடியாதுன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. லைன் வீட்டையும் காலி பண்ணணும்."

"வேற வழி இல்லைங்களா அய்யா?"

"பிடிச்ச சரக்கு சாராயந்தானான்னு ருசி பார்த்தேன், வெயிலுக்குத் தலைக்கேறிருச்சுன்னு எழுதிக் குடும். ஒரு வருஷ இன்கிரிமெண்ட் வெட்டோட போயிரும்."

குடித்தவன் திருந்துவான், சீக்காளி திருந்தமாட்டான் என்பது இலாகாவின் நம்பிக்கை. ஒச்சப்பன் வெள்ளைத் தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். சிவனம்மாள் காலையில் கொடுத்த பயறு உள்ளே நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தது. கை நடுங்கவில்லை.

"ருசி எப்படி இருந்துச்சுன்னும் எழுதணுமாங்கய்யா?"

"எழுதுனாத்தானே நம்புவாங்க."

"எனக்கு அது தெரியாதே."

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல புளிக்கும். அப்புறம் தொண்டையில எரியும்."

ஒச்சப்பன் அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.