கழிநீர் புகாத பூம்பாத்தி

கொக்குவிலில் கனகலிங்கத்தார் என்றொருவர் இருந்தார். நில அளவைப் பகுதியில் முப்பது ஆண்டுகள் சங்கிலி பிடித்தவர். வன்னிக் காடுகளில் துரைமார் காட்டிய கோட்டில் முளையடித்து நடந்தாரேயன்றித் தாமாக ஒரு கோடு கிழிக்க அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வளவு காலமும் அவருடைய தாயற்ற பெண்ணை வளர்த்துக் கரையேற்றியவர் விதவைத் தமக்கையார் ஞானாம்பிகை.

அம்மையாருக்கு ஒரு நியமம் உண்டு. நாள்தோறும் முழுகி, பூக் கொய்து, பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுசென்று கொடுப்பார். வளவிலோ பூமரம் இல்லை. அயல்வீட்டுத் தங்கமுத்துவின் வேலியோரத்தில் கொய்துவந்தார். ஒருநாள் தங்கமுத்து, "அக்கா, பூ என்ரை, புண்ணியம் உங்கடையோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். அம்மையாரும் சிரித்தார். மறுநாள் முதல் அந்த வேலிப் படலையைத் திறக்கவில்லை. வெறுங்கையோடு கோயிலுக்குப் போய்வந்தார். ஓய்வுபெற்று வந்திருந்த தம்பியார் அதைக் கண்டார். அக்காவின் கைக்குத் தம் வளவிலேயே பூக் கொடுத்துவிட வேண்டும் என்பது அன்று தொடக்கம் அவருடைய ஒரே எண்ணமாயிற்று.

அது பவ வருடத்து ஆனி மாதம். கிணற்றுக்குத் தெற்கே பதினெட்டு முழ நீளமும் ஆறு முழ அகலமுமாகக் கயிறு பிடித்து முளையடித்தார். பின்வரிசையில் அலரி, நடுவே நந்தியாவட்டையும் செவ்வரத்தையும், முன்னே மல்லிகை. ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழாதபடி இடைவெளியைக் கயிற்றில் முடிச்சிட்டுக் குறித்தார். ஒரு முழம் தோண்டுமுன் சுண்ணக்கல் தட்டிற்று. கல்லுடைக்கும் பிலிப்பு அலவாங்கோடு வந்தான்.

"அண்ணை, இது பூக்கண்டு வைக்கிறதுக்கோ, இன்னொரு கிணறு வெட்டுறதுக்கோ?"

"கதையைக் குறைச்சுக் கல்லை உடை."

"கல்லு என்ரை பேச்சைக் கேட்டாலும் கேக்கும். உங்கடை முடிச்சுக் கயிறு கேக்காது போலை கிடக்கு."

பன்னிரண்டு நாளில் இரண்டு முழ ஆழம் கண்டது. வேலியில் கழற்றிய பழைய பனையோலையை அடியில் தாழ்த்து, பூவரசங்குழை பரப்பி, ஆட்டெருவிட்டு, புத்தூரிலிருந்து வண்டியில் வந்த செம்மண்ணால் மூடினார். ஐப்பசி மழையோடு கன்று நடலாம். மழை ஓய்ந்தபின் நீருக்குக் கவலையில்லை: கிணற்றடியில் குளிக்கும் கல்லுக்குப் பக்கத்தில்தான் பாத்தி, ஒரு வாய்க்கால் கீறினால் குளித்த நீரெல்லாம் தானே வந்துசேரும். யாழ்ப்பாணத்து வளவுகளில் வாழையும் தென்னையும் வளர்வது அப்படித்தானே.

வாய்க்காலுக்கு மண்வெட்டி எடுத்த காலையில் ஞானாம்பிகையார் வந்து நின்றார்.

"என்ன தம்பி செய்யிறாய்?"

"தண்ணிக்கு வழி, அக்கா."

"உந்தத் தண்ணியோ? செத்தவீட்டுக்குப் போட்டு வந்து முழுகிறதும் உந்தக் கல்லிலைதான். துடக்குச் சீலை தோய்க்கிறதும் உதிலைதான். உதைக் குடிச்சுப் பூத்த பூவை நான் சாமிக்குக் கொண்டுபோறதோ?"

அவர் மண்வெட்டியை நிலத்தில் வைத்தார். நிலத்தின் சாய்வைக் கணித்தவருக்கு நீரின் தீட்டு நினைவில் வரவில்லை.

"உனக்கு வடிவாயிருக்கட்டும், வை. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்று சொல்லி அம்மையார் உள்ளே போனார்.

அக்கா கொய்யாத பூவுக்குப் பாத்தி எதற்கு? கல்லை உடைத்துச் செய்த பாத்தியை இடம் பெயர்க்கவும் முடியாது. இரண்டு நாள் கனகலிங்கத்தார் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் ஒரு போத்தலில் முக்காற்பங்கு நீர்விட்டுப் படுக்கவைத்து, உள்ளே குமிழி ஓடுவதைப் பார்த்துக் கிணற்றைச் சுற்றி மட்டம் பிடித்தார். வடக்கே நின்ற வாழைகளை நோக்கி நான்கு விரற்கடை பள்ளம் இருந்தது. குளித்த நீர் வாழைக்கே ஓடும்படி, பிலிப்புவை மீண்டும் அழைத்துக் குளிக்கும் கல்லையே பெயர்த்து வடபுறம் போட்டார்.

அம்மையார் அதைப் பார்த்தார். "அப்ப கண்டுகளுக்குத் தண்ணி?"

"நான் அள்ளி ஊத்துறன்."

"எத்தினை நாளைக்கு?"

"பூக்குமட்டும்."

"பூத்தாப் பிறகு?"

அதை அவர் எண்ணியிருக்கவில்லை. "பிறகும்தான்," என்றார்.

ஐப்பசியில் கன்றுகள் நட்டாயிற்று. தையில் மழை நின்றது. அதன்பின் விடியலில் முப்பது வாளி, பொழுதுபட முப்பது வாளி. மாசியில் வலத்தோள் வீங்கிற்று. அவ்வழியே வந்த பிலிப்பு கிணற்றில் நீர் அள்ளும் துலாவின் கொடியைப் பிடித்து நிற்பவரைப் பார்த்து இரங்கினான்.

"ஒருநாளைக்கு வாழைத்தண்ணியை இஞ்சாலை திருப்பிவிட்டா ஆருக்கண்ணை தெரியப்போகுது?"

"அக்காவுக்குத் தெரியாது. ஆனா கேப்பா. எனக்குப் பொய் சொல்ல வராது; முழிச்சுக்கொண்டு நிப்பன்."

அம்மையார் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் நாள்தோறும் முழுகவரும்போது பாத்தியோரம் சற்று நின்று, மண் எந்தப் பக்கத்திலிருந்து நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே போவார்.

பங்குனி நடுவில் நந்தியாவட்டையில் இரண்டு பூ மலர்ந்தன. கனகலிங்கத்தார் கண்டும் காணாதவர்போல் நீர் அள்ளிக்கொண்டிருந்தார். அம்மையார் வடபுறக் கல்லில் முழுகி, ஈரச்சீலையோடு பாத்திக்கு வந்து, இரண்டையும் கொய்து பூக்கூடையில் இட்டார்.

"செவ்வரத்தை மொட்டு வைச்சிருக்கு. நாளைக்குக் கூடை காணாது போலை," என்றார்.

"வேறை கூடை வாங்கித் தாறன்."

அம்மையார் கோயிலுக்குப் புறப்பட்டார். அலரி வரிசைக்கு இன்னும் எட்டு வாளி இருந்தது. கனகலிங்கத்தார் துலாவைத் தாழ்த்தினார்.