தாரணியின் பள்ளிக்கூடமும் அண்ணன் கேட்ட பூவும்

எங்கள் வீட்டில் முதலில் பிறந்து, முதலில் உழைக்கப் போய், எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தும் விட்ட அண்ணன் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாள் இது. வந்திருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்கள், நண்பர்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறவள் அவருடைய ஒரே தங்கை. இளம்பிள்ளையில் வாழ்க்கைப்பட்டவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. சேலைக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் வாயைக் கிண்டித்தான் நாலு வார்த்தை சேர்த்தேன். பிழை இருந்தால் கடைக்காரியிடம் பேரம் பேசுவதுபோல் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பரமத்தி வேலூர் போகிற வழியில், காவேரி கண்ணுக்குத் தெரிந்தும் வயலுக்கு எட்டாத மேட்டுக்காட்டில். "ஆத்துல போற தண்ணிய யாரு குடிச்சா என்ன, நம்ம காட்டுக்கு வாராதில்ல" என்று அம்மா சொல்வார். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. படிப்பை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ஏறினார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய், கல்லைத் துளைக்கிற சத்தத்தில் ஒரு காது மந்தமாகித் திரும்பி வந்தார். ஒரு கோழி ஷெட் போட்டார், அது இரண்டாயிற்று. என் கல்யாணத்தை நடத்தி வைத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச விட்டார்.

உட்கார்ந்து சாப்பிட்டவர் அல்ல அண்ணன். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே ஷெட்டுக்குப் போய்விடுவார். "உங்கண்ணன் கூடக் குடும்பம் நடத்தறதுக்கு நானும் ஒரு டிவிஎஸ் வண்டி வாங்கோணும்" என்பார் அண்ணி.

அவருடைய நல்ல குணங்களை எழுதச் சொன்னார்கள். தீவனம் கடன் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதில்லை, பங்காளி வீட்டுக் காரியத்துக்கு முதல் ஆளாக நிற்பார், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றை எழுதச் சொல்லி அவரே என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். அதற்குத்தான் வருகிறேன்.

அண்ணனுக்கு மூத்தது தாரணி, இளையது நிதின். தாரணிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குகிற வாய். முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொள்ளும், முகம் சிவந்துவிடும். அவளைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்ததும் அண்ணன் நிலைகொள்ளாமல் போய்விட்டார். நாமக்கல்லில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணி துணைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொள்வார்.

ஒரு பெரிய பள்ளியில் பிள்ளையிடம் பேர் கேட்டார்கள். "தா... தா..." என்று அவள் தவிப்பதற்குள் எதிரில் இருந்தவர் அண்ணியைப் பார்த்து, "பேச்சு சரியானப்புறம் கூட்டிட்டு வாங்களேன்" என்றார். இன்னொன்றில் விடுதியைச் சுற்றிக் காட்டினார்கள். வரிசை வரிசையாகக் கட்டில், மேலே வரிசை வரிசையாக விளக்கு. வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்:

"அம்மிணி, நம்ம ஷெட்டுல எதுக்கு வெளிச்சம் போட்டு வெக்கறம்?"

"கோழி நெறைய முட்டையிடோணும்னுதான்."

"இங்க எதுக்குப் போட்டிருக்கறாங்க?"

கேட்டுவிட்டு அவர் வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

கடைசியாக, சேலம் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்குப் போனோம். தனியார் பள்ளிதான், பெரிய கட்டடமெல்லாம் இல்லை. தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் தாரணியிடம் பேர் கேட்டார். பிள்ளை ஆரம்பித்தாள், மாட்டிக்கொண்டாள். அண்ணி வாய் திறக்கப் போனார். சிஸ்டர் அண்ணியைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்தினார். மேசையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, வேறு வேலையே இல்லாதவர்போல் உட்கார்ந்திருந்தார். "தாரணி" என்று வந்து விழுந்தது. "நல்ல பேரு. வீட்டுல யார் யாரு இருக்காங்க தாரணி?" என்று அடுத்ததைக் கேட்டுவிட்டு மறுபடியும் அதேபோல் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறார். "இங்கதான் அம்மிணி. வேற எங்கயும் போகவேண்டாம்" என்றார்.

அவர் முடிவு செய்தால் போதுமா? எங்கள் பங்காளிகளுக்கு மூத்தவர் பெரியப்பா, அப்பாவுக்கு அண்ணன். அம்மன் கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். அண்ணன் போய்ச் சொன்னதும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, நாமக்கல்லுல வேற பள்ளிக்கூடமே இல்லையா?"

"இருக்குதுங்க பெரியப்பா. எம் புள்ள பேசறவரைக்கும் காத்திருக்கற பள்ளிக்கூடம் இல்லீங்க."

"இன்னைக்குப் பாட்டுச் சொல்லித் தருவாங்க. நாளைக்குப் பேர மாத்துவாங்க. மறுநா ஊட்ட மாத்துவாங்க."

"ஊட்டுக்கு நான் இருக்கறனில்லைங்க."

"நீ எங்கடா இருக்கற? நீ நிக்கற எடத்துல ஒரு நாழி நின்னிருக்கறயா?"

கடைசியில் பெரியப்பாவே வழி சொன்னார். "அம்மங்கிட்டப் பூக் கேக்கலாம். வெள்ளை வந்தா நான் வாயத் தொறக்கமாட்டன். சிவப்பு வந்தா நீ தொறக்கக்கூடாது."

எங்கள் பக்கத்தில் பூக் கேட்பது எல்லோரும் அறிந்ததுதான். ஆனாலும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் மடித்து அம்மன் காலடியில் போடுவோம். விவரம் அறியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் அம்மன் சம்மதம். சிவப்பு என்றால் இல்லை. பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, வண்டி வாங்குவது எல்லாம் இப்படித்தான். கேட்கிறவர்தான் பூவை மடிக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தை எங்கள் கோயிலில் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மன் வாக்கைச் சந்தேகப்பட்டதாகும் என்று அப்படியே தண்ணீரில் விட்டுவிடுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டோம். பூசாரி வீட்டுக் குழந்தை எடுத்தது. பிரித்தால் வெள்ளை. அண்ணி அங்கேயே விழுந்து கும்பிட்டார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மனே சொல்லீட்டா, நான் யாரு" என்று போய்விட்டார். பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாரணி அந்தப் பள்ளிக்குப் போனாள். திக்கல் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் பாடும்போது அவளுக்குத் திக்காது என்று சிஸ்டர் கண்டுபிடித்தார். காலைக் கூட்டத்துப் பாட்டுக்கு அவளையே முன்னால் நிறுத்தினார். ஒரு பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது, யாரோ பாடச் சொல்ல, பிள்ளை பள்ளியில் பாடுகிற இயேசு பாட்டைப் பாடிவிட்டாள். ஒரு எழுத்து தடுக்கவில்லை. ஆறு ஓடுகிறமாதிரி ஓடியது. அண்ணிக்குக் கண் நிறைந்தது. பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். அண்ணன் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

அந்த நடை அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனை வராந்தாவை அளப்பார். ஷெட்டில் வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் விழுந்தபோது, டாக்டர் தண்ணீரில் கலக்க மருந்து சொல்லிக்கொண்டிருக்க, இவர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலுக்கு வந்தால் உள்ளே வரமாட்டார். மதில் ஓரம் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். "மகளச் சேர்த்தான், இவனே மாறிட்டானாட்டம் இருக்குது" என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அப்போது குற்றம் தெரியாது. குறுகுறுப்பு மட்டும் தெரிந்தது.

போன வருடம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, சேலத்தில் மருத்துவமனையில் கிடந்தார். அண்ணி டீ வாங்கப் போயிருந்த ஒரு மதியம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ரெண்டும் வெள்ளைதான் சாமி."

"என்னதுங்ணா?"

"அன்னைக்குக் கேட்ட பூவு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சு மடிச்சன்."

"ஏனுங்ணா இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"சிவப்பு வந்துட்டா? அந்தப் புள்ள வாயத் தொறக்கறவரைக்கும் காத்திருக்க ஒரு ஆளு கெடைச்சிருந்தாங்க. அத எப்படி சாமி நான் பூவு கையில குடுக்கறது?"

ஒருமுறை சிஸ்டரிடமே போய்ச் சொன்னாராம். "உங்க கோயில்ல தப்பச் சொல்றதுக்கு ஒரு எடம் இருக்குதாமே, நான் அங்க சொல்லலாமுங்களா" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "அது எங்க ஆளுங்களுக்குங்க. நீங்க யாருகிட்ட மறைச்சீங்களோ அங்கதான் போய்ச் சொல்லணும்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அப்பறம் போய்ச் சொன்னீங்களா?"

"அம்மங்கிட்ட மதிலுக்கு வெளிய நின்னு தெனமுஞ் சொன்னன். பெரியப்பங்கிட்டச் சொல்ல முடியல. நான் போனதுக்கப்பறம் நீ சொல்லிப்போடு. நினைவு மலரு போடுவீங்கல்ல, அதுல எழுதி நாலு பேருக்குத் தெரியறாப்பல சொல்லு. அண்ணி மேலயோ புள்ளைக மேலயோ பழி வரக்கூடாது."

"இப்பவே சொல்லலாமுங்ணா. மனசு ஆறும்."

"இப்பச் சொன்னா மறுபடியும் பூக் கேளும்பாரு. சிவப்பு வந்தா நிதினையும் அங்கிருந்து நிறுத்தோணும். இன்னொருக்கா ஏமாத்த எனக்குத் தெம்பில்ல சாமி."

அவர் போய்விட்டார். சாவு வீட்டுக்குச் சிஸ்டர்கள் வந்து, பந்தலில் எங்கள் பெண்களோடு பெண்களாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாரணி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள், நிதின் அதே பள்ளியில் எட்டாவது. சொன்னால் பையன் படிப்பு என்ன ஆகும், சொல்லாவிட்டால் அண்ணன் கேட்டது என்ன ஆகும் என்று இந்த வருடம் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சேலை விரித்துக் காட்டும்போதே கை நின்றுவிடும்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன்பு, தாரணியையும் அழைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடலை உரிப்பது நின்றது. எழுந்து மோட்டார் ரூம் வரைக்கும் போனார், நெடுநேரம் வரவில்லை. தாரணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இவ்வளவு பெரிய பெண்.

திரும்பி வந்தவரிடம் நான்தான் கேட்டேன். "மறுபடியும் பூக் கேக்கோணுமுங்களா பெரியப்பா?"

"எதுக்கு? ரெண்டும் வெள்ளைன்னு அம்மனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? தெரிஞ்சுதான் கம்முனு இருந்திருக்கறா. ஏமாந்தவன் நாந்தான்."

கடலையைத் தள்ளி வைத்தார். பிறகு குரல் உடைந்தது. "எங்கிட்டச் சண்டை போட்டிருக்கலாமில்ல. முடியாதுன்னுதான் சொல்லியிருப்பன். அதுக்காக? இத்தனை வருசம் மதிலுக்கு வெளிய நிக்கறதா ஒருத்தன்? நான் செத்தா கொள்ளி வெக்க வேண்டியவனில்லையா அவன்?"

அவருக்கு ஆண் வாரிசு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காரியத்தை அண்ணன்தான் செய்வார் என்று நினைத்திருந்தார்.

"பையன் அங்கயே படிக்கட்டும். பூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் சொல்றன்" என்றார். தாரணியைப் பார்த்து, "நீயும் மேல படி சாமி. எது புடிக்குதோ அதப் படி" என்றார். அண்ணன் உயிரோடு இருந்தபோது வராத வார்த்தை.

"இத மலருல போடச் சொல்லீட்டுப் போயிருக்கறாருங்க. உங்களுக்கு வேண்டாம்னா..." என்று இழுத்தேன்.

"போடு. அவஞ் சொன்னாப்பலயே போடு. வாசல்ல நின்னு நானே குடுக்கறன். எவனுக்காச்சும் ஏதாச்சும் கேக்கோணும்னா எங்கிட்டக் கேக்கட்டும்."

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த லாரிப் பட்டறை நண்பர்களுக்கும், ஷெட்டை ஒரு நாளும் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்ட பணியாட்களுக்கும், பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்க்கிற சிஸ்டர்களுக்கும், வந்திருந்து ஆறுதல் சொன்ன உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் செய்தது சரி என்று சொல்ல நான் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவர் பெரியப்பாதான். இதை ஒரு வருடம் மறைத்த என்னிடம் அவர் இன்னும் முகம் பார்த்துப் பேசவில்லை. கேட்க நினைப்பதை அவரிடமே கேளுங்கள். பதில் சொல்லத்தான் வெயிலில் நிற்கிறார்.