ஏழுமலையின் புதுச் செருப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு சாமி பூதம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபது வயதில் கருப்புச் சட்டை போட்டவன். ஆம்பூரில் எங்கள் தெருவில் யாருக்காவது பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தால் நடுவில் போய் நின்று வம்பு வளர்த்துவிட்டு வருவேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது, சிரியுங்கள். ஆனால் நான் சொல்லப்போவதில் நள்ளிரவு கிடையாது, சுடுகாடு கிடையாது, புளியமரமும் கிடையாது. பட்டப்பகலில், ஐம்பது பேர் கூச்சல் போட்டுக்கொண்டு உல்லாசப் பயணம் போன பஸ்ஸில் நடந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷ வாக்கில் இருக்கும். நானும் ஏழுமலையும் ஒரே தோல் ஷாப்பில் வேலை பார்த்தோம். தோல் ஷாப் என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடம், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. நான் ஆவாரம்பட்டைத் தொட்டியில், அவன் சுண்ணாம்புத் தொட்டியில். காலையிலிருந்து பொழுது சாயும் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்ட வேண்டும். போதாததற்கு ஒருமுறை தோல் சீவுகிற கத்தி விழுந்து அவனுடைய இடது கால் சுண்டுவிரலும் போய்விட்டது. இந்த நிலையில்தான் எங்கள் தெரு ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து ராஜ்யத்தையே ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று பேச்சு எழுந்தது. திருவண்ணாமலை, மலைக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, குற்றாலம், கன்னியாகுமரி என்று ஒருவர் அடுக்கிக்கொண்டே போனார். ஏழுமலை காதில் விழுந்தது குற்றாலம் மட்டும்தான்.

"சுண்ணாம்புத் தண்ணியில நின்னு நின்னு காலே வெந்துபோச்சுடா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்த அருவி கீழ நின்னுட்டு வந்துடணும். மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்கங்க" என்பான்.

அதற்கென்றே ஒரு ஜோடி செருப்பு தைத்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நல்ல தோல், தடித்த அடி. தைத்து முடித்து ஆணியில் மாட்டினான், காலில் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மூன்றே நாள், போய்விட்டான். அவனைப் போல ஒரு தோஸ்த் எனக்கு அதற்கப்புறம் அமையவே இல்லை.

பஸ் கிளம்புகிற அன்று அவன் பெண்சாதி பச்சையம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றாள். பைக்குள் அந்தச் செருப்பு. "தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள ஊரு சுத்தக் கேக்குதா" என்று பின்சீட்டில் யாரோ முனகினார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டு சீட்டு சொல்லி வெச்சிருந்தாருண்ணா. அவர குத்தாலம் கூட்டினு போய்ட்டு வந்துடறேன். அப்புறம் நான் எங்கயும் வரல" என்றாள் என்னிடம்.

முனகியவர்களை நான் நாலு வார்த்தை கேட்டேன், அடங்கினார்கள். ஜன்னலோரம் அவள், பக்கத்துச் சீட்டில் மஞ்சள் பை. அப்படித்தான் கிளம்பினோம்.

நான் கோயிலுக்குள் போகமாட்டேனா, அதனால் போகிற ஊரிலெல்லாம் என்னை வாசலில் உட்கார வைத்து ஐம்பது பேர் செருப்புக்கும் காவல் வைத்துவிட்டார்கள். கருப்புச் சட்டைக்குச் சாமி கொடுத்த உத்தியோகம் என்று ஒரே கேலி. பச்சையம்மாவும் அந்தப் பையை என் மடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். திருவண்ணாமலையில் என் சிநேகிதனின் கைவேலையைப் பார்க்கலாம் என்று செருப்பை எடுத்து வளைத்தேன். புதுத்தோல் சரக்கென்று சத்தம் போட்டது. மேலே ஒரு கறை இல்லை.

மதுரையில் கோபுர வாசலில் மறுபடி எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், வளைத்தால் சத்தமே இல்லை. உள்பக்கம் விரல் தடம் கருப்பாகப் படிந்திருந்தது. புதுச் செருப்பில் அப்படித் தடம் விழ வேண்டுமென்றால் மாதக்கணக்கில் வியர்க்க வியர்க்க நடக்க வேண்டும், எங்கள் தொழிலில் சின்னப் பையனுக்கும் அது தெரியும். வலது செருப்பில் ஐந்து தடம். இடதில் நான்கு. பஸ்ஸில் எவனோ திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்டென்று பைக்குள் திணித்துவிட்டேன். நான்கு விரல்காரன் வேறு எவன் அந்த பஸ்ஸில் இருக்கிறான் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. பச்சையம்மாவிடம் மூச்சு விடவில்லை.

கோவில்பட்டி தாண்டியதும் பஸ்ஸுக்கு அச்சு முறிந்தது. ஒன்றரை நாள் வெயிலில் கிடந்தோம். எல்லோருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. குற்றாலத்தை விட்டுவிட்டு நேராகக் கன்னியாகுமரி போய்த் திரும்பிவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். பச்சையம்மா டிரைவர் காலிலேயே விழுந்துவிட்டாள்.

"ஏந்திரும்மா, கால்ல உழாத. இந்த அச்ச வெச்சிகினு அம்மாந்தூரம் சுத்தினு போவ முடியாதும்மா" என்று அவரும் கலங்கித்தான் சொன்னார்.

அதற்கப்புறம் அவள் அழவில்லை. பையைச் சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

உச்சி வெயிலில் போய் இறங்கினோம். அந்த ஊர் நம் ராஜ்யத்தோடு சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை, குழந்தைகள் போலக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பச்சையம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு கடலு சேர்ற எடமாம், வந்து பாரும்மா" என்றேன்.

"நான் இன்னாத்தண்ணா பாக்கறது. அவரு ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூட என்னால முடியல. இத இங்கயே தண்ணியில உட்டுட்றேன்" என்று பையிலிருந்து செருப்பை எடுத்தாள். எடுத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் ஊறிக் காய்ந்து ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. தையல் பள்ளத்தில் இன்னும் ஈரம். பையைத் தொட்டுப் பார்த்தேன், சருகாய்க் காய்ந்திருந்தது.

"அண்ணா, இது இன்னா? நீங்க தோல்காரரு, சொல்லுங்க."

சுற்றி நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் சட்டையை நினைத்தேன். "கடல் காத்தும்மா. ஈரம் ஏறியிருக்கும்" என்றேன்.

"அப்டியா" என்று தலையாட்டிவிட்டு அவள் அலையைப் பார்த்து நடந்தாள். பத்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன், அவனைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல எனக்கு இவ்வளவு கௌரவமா என்று வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் அவள் கையிலிருந்து செருப்பைப் பிடுங்கினேன். நாக்கை நீட்டி நக்கினேன். தோலில் உப்பு ஏறியிருந்தால் எங்கள் நாக்குக்குத் தப்பாது. ஒரு துளி கரிக்கவில்லை.

"உப்பே இல்லம்மா. இது நல்ல தண்ணி. அருவித் தண்ணி. குளிச்சிட்டு வந்திருக்கான்" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினேன்.

அவள் என்னையே பார்த்தாள். "செருப்போடவா குளிச்சாரு?"

"பாற வழுக்கும்னு போட்டிருப்பான்."

மணலில் உட்கார்ந்து செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. "பாத்தீங்களாண்ணா, என்ன உட்டுட்டு தனியா போய்ட்டு வந்துட்டாரு" என்று குறைப்பட்டுக்கொண்டாள், சந்தைக்குப் போய்விட்டு வந்த புருஷனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குக் கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

கருப்புச் சட்டை செருப்பை நக்கிய கதை எனக்கு முன்னால் ஆம்பூர் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் யாராவது கிண்டினால், பாவம், ஒரு பெண்ணைத் தேற்றுவதற்காகச் சொன்ன பொய் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். என் பெண்சாதியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் மட்டும் மிச்சத்தையும் சொல்கிறேன். நக்கும்போதே இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. வலது செருப்பின் வார் ஒரு இடத்தில் அறுந்து, மெழுகு நூலால் தைக்கப்பட்டிருந்தது. பச்சையம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. வெளியூர் போனால் நான் ஊசியும் மெழுகு நூலும் ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துப்போவேன். டப்பா என் டிரங்குப் பெட்டிக்குள், பெட்டிச் சாவி என் அரைஞாணில். அன்று சாயங்காலம் சத்திரத்தில் அதைத் திறந்தேன். ஊசிக் காதில் ஒரு முழ நூல் கோத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் நூலை உருவிவிட்டுத்தான் நான் ஊசியை வைப்பேன். என்னிடம் ஊசியை இரவல் வாங்கி, நூலை உருவாமல் அப்படியே திருப்பிப் போடுகிறவன் ஒருவன்தான். அதற்காகவே அவனோடு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் வேலைக்கு வேறு ஊசி வாங்கிக்கொண்டேன். அந்த நூலை இன்னும் நான் உருவவில்லை.