டியூப் சுற்றிய கிளிப்

அக்கா மகளுக்கு நான்கு வயது. அவளுடைய வழுவழு முடியில் எந்தக் கிளிப்பும் ஐந்து நிமிடம் நிற்பதில்லை. இன்று காலை அப்பா பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, கிளிப்பின் உள்பக்கம் சுற்றினார். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அப்போது மலேசியாவில், டத்தோ கிராமாட் என்ற இடத்தில் இருந்தோம். விடியும் முன்பே அம்மா ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவார். எனக்குத் தலை சீவுவது அப்பாதான். ஈரச் சீப்பால் வகிடெடுத்து, கிளிப்பைப் பல்லில் கடித்தபடியே, "ஆடாத லா கண்ணு" என்பார். என் முடியும் வழுக்கும் என்பதால்தான் டியூப் சுற்றினார். கிளிப் அசையவே அசையாது.

ஆனால் ஸ்கூல் வேனில் ஏறியதும், "டயர் தலை வந்துட்டா டோய்!" என்று ஒரே சிரிப்பு. நான் கிளிப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுவேன். மாலையில் அப்பாவிடம், "வழுக்கி விழுந்துருச்சுப்பா" என்பேன்.

"நான்தான் சரியா சுத்தல போல" என்று அவர் அடுத்த கிளிப்பை எடுத்துக்கொண்டு உட்காருவார். இப்படி எத்தனை நாள்!

இன்று பாப்பா தலையைக் குலுக்கினாள், கட்டிலில் ஏறிக் குதித்தாள். "தாத்தா, விழவே இல்ல!"

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்புறம் உனக்கு மட்டும் ஏம்மா தினம் விழுந்துச்சு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "என் முடி அப்படிப்பா."

"இல்லம்மா, அப்ப எனக்குக் கை பழகல லா" என்று அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.